பிணியினும் பெரிது பணி

விடுதலைப் போராட்ட வீரராகவும் சர்வோதயத் தொண்டராகவும் நாடறிந்தவர் ஜெயப்பிரகாஷ் நாராயண். மக்கள் அவரை ஜே.பி. என அன்புடன் அழைத்தனர். தம் வாழ்வின் இறுதி நான்கு ஆண்டுகளை அவர் செயலிழந்த சிறுநீரகங்களோடு கழித்தார். இந்திய அரசியலின் போக்கை மாற்றிய அவருடைய பெரும்பணி அவ்வாண்டுகளிலேயே நிகழ்ந்தது.

அவர் 1902ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் பீகாரின் சிதாப்தியாரா என்னும் சிற்றூரில் பிறந்தார். 1922இல் உயர்கல்வி பெற அமெரிக்கா சென்றவர், தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் கூலிவேலை செய்து பயின்றார். உழைப்பவரின் வறுமையை அங்கேயே உணர்ந்தார். 1929இல் தாயகம் திரும்பி விடுதலைப் போரில் இணைந்தார். 1932இல் சென்னையில் கைது செய்யப்பட்டு நாசிக் சிறையில் அடைக்கப்பட்டார். 1942ஆம் ஆண்டுத் தீபாவளி இரவில் தோழர்களுடன் ஹசாரிபாக் சிறைமதிலைத் தாண்டித் தப்பிய செயல், அவரை இளைஞர்களின் நாயகராக்கியது.

விடுதலைக்குப்பின் அவர் பதவியை நாடவில்லை. வினோபாவின் பூமிதான இயக்கத்தில் இணைந்து, 1954இல் தம் வாழ்வையே அதற்குக் காணிக்கையாக்கினார். 1965இல் மகசேசே விருது பெற்றார். 1972இல் சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையர் பலர் அவரை நம்பி ஆயுதங்களை ஒப்படைத்தனர். எனினும், இதற்குள் நீரிழிவு அவருடலை நலிவித்திருந்தது. 1973இல் துணைவியார் பிரபாவதியைப் புற்றுநோய் பறித்தது. அடுத்த ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவருக்கு அறுவை மருத்துவம் நடைபெற்றது. அதன்பின் சில வாரங்களிலேயே, 1974 ஜூன் 5 அன்று, பாட்னா காந்தி திடலில் திரண்ட பெருங்கூட்டத்தின்முன் முழுப்புரட்சிக்கு அறைகூவல் விடுத்தார்.

1975 ஜூனில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டதும் அவர் கைதானார். சண்டிகரிலுள்ள மருத்துவமனையில் காவலில் வைக்கப்பட்டிருந்தபோது உடல்நிலை சீர்குலைந்தது. நவம்பரில் விடுவிக்கப்பட்ட அவரைப் பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் சேர்த்தனர். சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன என்பது உறுதியாயிற்று.

நலமுள்ள சிறுநீரகங்கள் நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டிக் கழிவை வெளியேற்றுகின்றன. அப்பணி நின்றுவிட்டால் குருதியில் நஞ்சு தேங்கும். டயாலிசிஸ் என்னும் முறையில் குருதியை உடலுக்கு வெளியே கொணர்ந்து, மெல்லிய சவ்வின் வழியாகத் தூய்மையாக்கி மீண்டும் உட்செலுத்துவர். ஒவ்வொரு முறையும் பல மணிநேரம் படுத்திருக்க வேண்டும்; வாரந்தோறும் இது தொடர வேண்டும். பருகும் நீருக்கும் உண்ணும் உப்புக்கும்கூட அளவுண்டு. நாள்பட்ட நோயாளிக்கு இம்முறையைத் தொடர்ந்து அளிப்பதற்கான வழி 1960இல்தான் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கண்டறியப்பட்டது. ஆகவே, அந்நாளைய இந்தியாவில் இம்மருத்துவம் அரிதாகவும் பெருஞ்செலவு பிடிப்பதாகவும் இருந்தது.

செல்வம் சேர்க்காத ஜே.பி.க்கு இச்செலவு மலையாக நின்றது. பிரதமர் நிவாரண நிதியிலிருந்து வந்த உதவித்தொகையை அவர் ஏற்க மறுத்தார். உயிர் காக்கும் தொகையேயாயினும், தாம் எதிர்த்துநின்ற ஆட்சியிடமிருந்து அதனைப் பெற அவர் மனம் ஒப்பவில்லை. பொதுமக்கள் அளித்த நன்கொடையை ஏற்றார். அதனைக்கொண்டு டயாலிசிஸ் கருவி வாங்கப்பட்டது.

1977 ஜனவரியில் பொதுத்தேர்தல் அறிவிக்கப்பட்டது. சிதறிக்கிடந்த எதிர்க்கட்சிகள் அவருடைய வழிகாட்டலில் ஜனதா கட்சியாக ஒன்றிணைந்தன. சிகிச்சை நாள்களுக்கு இடைப்பட்ட பொழுதே அவருக்குரிய பொழுதாக இருந்தது. அப்பொழுதில் பயணம் செய்தார், மேடையேறிப் பேசினார். பிப்ரவரியில் டெல்லி ராம்லீலா திடலில் அவரது குரல் கேட்க மக்கள் பெருந்திரளாகக் கூடினர். மார்ச்சில் ஜனதா கட்சி வென்றது. வெற்றி பெற்ற உறுப்பினர்களைக் காந்தியடிகள் நினைவிடமான ராஜ்காட்டில் உறுதிமொழி ஏற்கச் செய்தார். தமக்கெனப் பதவி எதையும் கேளாமல், மருத்துவத்திற்காகச் சியாட்டில் சென்று திரும்பினார்.

பின்னர் அக்கட்சியினரிடையே எழுந்த பூசல்கள் அவரை வருத்தின. 1979 மார்ச்சில் அவர் இறந்துவிட்டதாகத் தவறான செய்தி பரவி, நாடாளுமன்றத்திலேயே இரங்கல் தெரிவிக்கப்பட்டது. அவரோ பம்பாய் மருத்துவமனையில் உயிரோடிருந்தார். அதன்பின்னும் ஆறு திங்களுக்குமேல் வாழ்ந்து, 1979 அக்டோபர் 8 அன்று பாட்னாவில் மறைந்தார். எழுபத்தேழாம் பிறந்தநாளுக்கு மூன்று நாள்களே எஞ்சியிருந்தன. 1999இல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

நோய் அவருடைய நாள்களில் ஒரு பகுதியைக் கேட்டது. அதனை மறுக்காமல் கொடுத்தார். மருத்துவத்தின் துணையை நாணமின்றி ஏற்றார். எவர் கைப்பொருளைப் பெறுவது என்பதில் மட்டும் உறுதியாக நின்றார். எஞ்சிய பொழுதைப் பிறருக்காகச் செலவிட்டார். நீங்காப் பிணியுற்றோர்க்கு அவர் விட்டுச்சென்ற நெறி இதுவே.