மனோரமாவின் தாய்



பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவர்களுக்கு ஒரு பாரம் உண்டு. பணக்கஷ்டத்தை நான் சொல்லவில்லை. அதைக் கர்த்தர் எப்படியாவது நடத்திவிடுகிறார். ஜனங்கள் நம்முடைய பெயரை விட்டுவிட்டு, நம்முடைய நிலைமையைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களே, அதுதான் பாரம். புருஷனை இழந்து 2 பிள்ளைகளோடு நிற்கிற எனக்கு இது நன்றாகத் தெரியும். இந்த நிலையிலே என்னைத் திடப்படுத்திய ஒரு ஜீவியத்தை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது பண்டித ராமாபாய் அம்மையாரின் ஜீவியம்.

அம்மையார் 1858-ல் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தார்கள். பெண்பிள்ளைகளுக்குச் சமஸ்கிருதம் கற்றுக்கொடுக்கக்கூடாது என்றிருந்த அந்தக் காலத்தில், தகப்பன் தன் மனைவிக்குக் கற்றுக்கொடுத்தார். தாய் மகளுக்குக் கற்றுக்கொடுத்தாள். 1870-களின் பஞ்சத்தில் தாயும் தகப்பனும் இறந்துபோனார்கள். ராமாபாயும் அண்ணன் சீனிவாசனும் பசியோடு தேசமெங்கும் கால்நடையாய் அலைந்து 1878-ல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பண்டிதர்கள் இந்த இளம்பெண்ணின் அறிவைக் கண்டு பிரமித்து, பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் கொடுத்தார்கள்.

ஆனால் பட்டம் துக்கத்தைத் தடுக்குமா? 1880-ல் அண்ணனும் இறந்தார். அதே வருஷம் பிபின் பிஹாரி மேதாவி என்ற வங்காள வக்கீலை மணந்தார்கள். அவர் வேறு ஜாதி என்பதால் இரண்டு பக்கமும் எதிர்ப்பு. 1881-ல் மகள் மனோரமா பிறந்தாள். 1882 பிப்ரவரியில் காலரா வந்து கணவரைக் கொண்டுபோய்விட்டது. குழந்தைக்கு ஒரு வயசுகூட நிறையவில்லை! தாய் இல்லை, தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவர் இல்லை, புருஷன் இல்லை. புருஷன் சாவுக்கே மனைவியின் பாவம்தான் காரணம் என்று சொன்ன காலம் அது. 23 வயசில், கைக்குழந்தையோடு நின்ற அந்தத் தாயைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

இங்கேதான் கர்த்தருடைய கரத்தைப் பார்க்கிறேன். கணவரோடு அஸ்ஸாமின் சில்சாரில் இருந்தபோதே வங்காள மொழி லூக்கா சுவிசேஷம் ஒன்று அம்மையாரின் கையில் கிடைத்திருந்தது. விதை அன்றே விழுந்துவிட்டது. 1883-ல் மருத்துவம் படிக்க மனோரமாவோடு இங்கிலாந்து போனார்கள். காது சரியாகக் கேட்காததால் அந்தக் கதவு அடைபட்டது. ஆனால் லண்டனில், சமுதாயம் தள்ளிவிட்ட ஸ்திரீகளை அன்போடு சேர்த்துக்கொண்ட கிறிஸ்தவச் சகோதரிகளைக் கண்டார்கள். அங்கே கிணற்றடிச் சமாரியப் பெண்ணின் சம்பவம் அவர்கள் இருதயத்தைத் தொட்டது. எல்லோரும் ஒதுக்கிய பெண்ணிடம் இயேசு நின்று பேசினாரே! அதே வருஷம் செப்டம்பரில் தாயும் மகளும் வாண்டேஜ் ஊரில் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

அதற்குப் பிறகும் பாதை சுலபமாக இல்லை. வேலைக்காகவும் பிரயாணத்துக்காகவும் சிறுமி மனோரமாவை அந்தச் சகோதரிகளிடம் விட்டுப் பிரியவேண்டி வந்தது. பிள்ளையைப் பிறர் கையில் விட்டு வேலைக்குப் போகிற தாய்மாரே, உங்கள் கண்ணீர் அம்மையாருக்கும் தெரியும். ஆனாலும் மகளை எப்படி வளர்ப்பது என்பதில் உபகாரம் செய்தவர்களிடமும் தன் மனசாட்சியை விட்டுக்கொடுக்கவில்லை. உதவி வாங்கினார்கள், ஆனால் தாய் என்கிற ஸ்தானத்தை யாருக்கும் கொடுக்கவில்லை.

1889-ல் பம்பாயில் விதவைகளுக்காக சாரதா சதனம் என்ற வீட்டைத் திறந்தார்கள். அடுத்த வருஷம் அது பூனாவுக்கு மாறியது. பெண்கள் தங்கள் ஜெபத்தில் வந்து உட்காருகிறார்கள் என்று கலகம் எழும்பி, பலர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வருஷங்களில்தான் அம்மையார் ஒன்றை உணர்ந்தார்கள்: தனக்குக் கிறிஸ்து மார்க்கம் கிடைத்திருந்தது, கிறிஸ்துவை இன்னும் தனக்குச் சொந்தமாகப் பெறவில்லை. அவரையே பற்றிக்கொண்டபோது புதுபெலன் வந்தது. 1896-ல் மத்திய மாகாணங்களிலும் 1900-ல் குஜராத்திலும் பஞ்சம் வந்தது. தானே பஞ்சத்தில் அனாதையானவர்கள் அல்லவா! பசியால் வாடிய பெண்களைக் கூட்டிவந்து பூனாவுக்கு அருகே கேட்காவில் முக்தி மிஷனில் சேர்த்தார்கள். ஏறக்குறைய 2000 பேர் அங்கே சாப்பிட்டு, படித்து, தொழில் கற்றார்கள்.

1905-ல் ஜெபக்குழுக்கள் கூடின. ஜூன் மாதத்தில் பரிசுத்த ஆவியானவர் அந்தப் பெண்பிள்ளைகள்மேல் வல்லமையாய் இறங்கினார். முக்தியில் ஊழியம் செய்த மின்னி ஏப்ரகாம்ஸ் எழுதிய சிறு புத்தகம் தென் அமெரிக்காவின் சிலி தேசம்வரை போய், அங்கே 1909 எழுப்புதலுக்கு ஏதுவானது. தள்ளப்பட்ட விதவைகளின் ஜெபம் எவ்வளவு தூரம் போனது பாருங்கள்!

மனோரமா வளர்ந்து, படித்து, தாயின் வலதுகையானாள். ஆனால் 1921-ல் தாய்க்கு முன்னே கர்த்தரிடம் போய்விட்டாள். அந்த அடியிலும் அம்மையார் எபிரெயம், கிரேக்கம் கற்றுச் செய்துவந்த மராத்தி வேதாகம மொழிபெயர்ப்பை விடவில்லை. 1922 ஏப்ரல் 5-ல் இளைப்பாறுதலுக்குள் போனார்கள்.

பிரியமானவர்களே, உலகம் அவர்களைப் பண்டிதை என்றது, பிறகு விதவை என்றது. இரண்டும் மாறிப்போகிற பெயர்கள். கர்த்தர் மகளே என்று கூப்பிட்ட பெயர் மட்டும் மாறவில்லை. தனித்து நிற்கிற என் சகோதரியே, சகோதரனே, உங்கள் வீட்டில் ஒரு நாற்காலி காலியாக இருக்கலாம். ஆனால் உங்கள் வீடு பாதி வீடு அல்ல. இன்று இரவு பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். நானும் என் வீட்டில் உங்களுக்காக ஜெபிக்கிறேன். ஆமென்.