ஆறு புள்ளிகளில் அறிவுக் கண் திறந்தவர்! – லூயி பிரெய்ல்

பிரான்சு நாட்டில், பாரிஸ் நகருக்குக் கிழக்கே கூப்வ்ரே என்று ஒரு சிற்றூர். அங்கே சீமோன் ரெனே என்பவர் குதிரைச் சேணம் தைத்துப் பிழைத்து வந்தார். 1809-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அவன்தான் லூயி பிரெய்ல்.

3 வயதில் லூயி தந்தையின் பட்டறையில் விளையாடிக்கொண்டிருந்தான். தோலில் துளை போடும் குத்தூசியை எடுத்து, தந்தையைப் போலவே குத்திப் பார்த்தான். ஊசி வழுக்கிக் கண்ணில் பாய்ந்தது. புண் சீழ் பிடித்தது. மற்றக் கண்ணையும் தாக்கியது. 5 வயதில் இரு கண்களும் இருண்டுவிட்டன.

அந்தக் காலத்தில் கண்ணிழந்த ஏழைகள் பலருக்குப் பிச்சை எடுப்பதே கதி. ஆனால் லூயியின் பெற்றோர் அவனை மூலையில் உட்கார வைக்கவில்லை. பலகையில் ஆணிகளை எழுத்து வடிவில் அடித்துக் கொடுத்தார் தந்தை. தடவித் தடவி எழுத்துக்களை அறிந்தான் மகன். ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியரும் அவனை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துக்கொண்டார். காதால் கேட்டே நன்றாகப் படித்தான்.

பாரிஸ் பள்ளி

1819-ல் பாரிசில் உள்ள பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தான். வாலந்தீன் அயூய் என்பவர் 1785-ல் தொடங்கிய பள்ளி அது. அங்கே புத்தகங்களில் சாதாரண எழுத்துக்களையே பெரிதாக, மேடாக அச்சிட்டிருந்தார்கள். புத்தகமோ பெரும் பாரம். ஒவ்வோர் எழுத்தாகத் தடவி முடிப்பதற்குள் முதலில் படித்தது மறந்துபோகும். அந்த எழுத்தை மாணவர்கள் தாங்களே எழுதவும் முடியாது.

1821-ல் பார்பியே என்பவர் 12 புள்ளிகள் கொண்ட ஒரு முறையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். 12 புள்ளிகள் ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. லூயி இரவும் பகலும் முயன்று அதை 6 புள்ளிகளாகச் சுருக்கினார். 6 புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்தால் 63 குறிகள் கிடைக்கும். எழுத்து, எண், இசை எல்லாம் அதில் அடங்கும். கண்ணைப் பறித்தது போன்ற ஒரு கூரிய கருவியே இப்போது எழுதுகோல் ஆயிற்று! 1824-ல் முறை உருவானபோது அவருக்கு வயது 15.

தடையும் வெற்றியும்

லூயி அதே பள்ளியில் ஆசிரியரானார். ஆனால் 1840-ல் வந்த புதிய தலைவர் புள்ளி எழுத்தைத் தடுத்தார். கண் உள்ளவர்களுக்குப் புரியாத எழுத்து எதற்கு என்பது அவர் எண்ணம். யாருக்காகப் பள்ளி நடக்கிறதோ, அவர்களுக்கு எது எளிது என்று அவர் பார்க்கவில்லை. மாணவர்களோ விடவில்லை, ஒளிந்து ஒளிந்து எழுதினார்கள். கடைசியில் தலைவரே மனம் மாறினார். 1844-ல் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவில், ஊரறிய அந்த எழுத்தைப் படித்தும் எழுதியும் காட்டினார்கள்.

காசநோயால் வாடிய லூயி 1852-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி காலமானார். வயது 43. அந்தப் பள்ளி அவருடைய எழுத்தை முறைப்படி ஏற்றது 1854-ல்தான்.

1951-ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெய்ல் முறை வந்தது. பிரெஞ்சு மொழியின் முதல் எழுத்துக்கு அவர் வைத்த ஒற்றைப் புள்ளியே நம் 'அ'வுக்கும் புள்ளி.

1952-ல் அவர் உடலைப் பாரிசில் தேசத்தின் பெரியோர் துயிலும் மண்டபத்துக்கு எடுத்துச் சென்றார்கள். கைகளை மட்டும் சொந்த ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள். ஆணி எழுத்தைத் தடவிப் படித்த கைகள் அல்லவா அவை!