படுக்கை விரிப்புகளை ஏந்திச் சென்ற மருத்துவர்

கம்பம், சின்னமனூர், போடிப் பக்கமிருந்து குறைமாதக் குழந்தையோடு தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விரையும் குடும்பங்களை நாம் அறிவோம். பச்சிளங்குழந்தைகள் பிரிவு எங்கிருந்தாலும், வளையலைக் கழற்றுங்கள், கை கழுவுங்கள் என்றதும் நம் அப்பத்தாக்களுக்குக் கோபம் வந்துவிடும். இந்த விதிக்காக ஒருவர் பட்ட பாடு பெரிது.

இக்னாஸ் செம்மல்வைஸ் 1818-இல் ஹங்கேரியின் புடா நகரில் பிறந்தார். 1846-இல் வியன்னா பொது மருத்துவமனையின் முதல் பிரசவப் பிரிவில் உதவி மருத்துவரானார். மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவைவிட, மருத்துவ மாணவர்கள் பயின்ற அவரது பிரிவிலேயே தாய்மார் பிரசவ ஜன்னியால் அதிகம் இறந்தனர். பிறந்த குழந்தைகளும் அதே நோயால் மடிந்தன. இறப்போருக்கு நற்கருணை கொண்டுவரும் குருவின் மணியோசை தாய்மாரை அச்சுறுத்துகிறதோ என்று எண்ணி, மணியின்றி வேறு வழியாக வரச்செய்தும் பார்த்தார். பலனில்லை.

1847-இல் நண்பர் கொலெட்ச்கா பிணப் பரிசோதனையில் கத்தி கீறி, அதே நோய்க்குறிகளோடு இறந்தார். செம்மல்வைஸுக்கு விளங்கிவிட்டது. பிணம் அறுத்த கைகளோடுதான் மாணவர்கள் பிரசவம் பார்த்தார்கள்! மே மாதம் முதல் குளோரின் கரைசலில் கை கழுவச் செய்தார். நம் தெருக்களில் தூவும் பிளீச்சிங் பவுடர் வகைதான் அது. ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் சுமார் 2 ஆனது.

கையோடு அவர் நிற்கவில்லை; நாம் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான். பின்னர் பெஸ்ட் நகரில் பேராசிரியராக இருந்தபோது மீண்டும் ஜன்னி பரவியது. சிக்கனம் கருதி, சரியாகத் துவைக்காத விரிப்புகளையே தாய்மாருக்கு விரித்திருந்தனர். முறையிட்டும் பயனில்லாததால், கறைபடிந்த விரிப்புகளை அள்ளிக்கொண்டு போய் அரசு அதிகாரியின் முன்னே காட்டினார். அதன்பிறகே புது விரிப்பு வந்தது.

இன்றும் கதை அதுதான். கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகள் காய்ந்த பரப்பிலும் பல நாள் உயிரோடிருக்கும். இன்குபேட்டர் கதவு, மானிட்டர் பொத்தான், செல்போன் இவற்றைத் தொட்டால், கழுவிய கையும் மறுபடி அழுக்குதான்.

மருத்துவ உலகின் பெரும்பகுதி அவரை ஏற்கவில்லை. எதிர்த்தோரைக் கொலைகாரர் என்றே கடிதங்களில் சாடினார். அந்தக் கடுமை அவருக்கே பகையானது. 1865-இல் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டு, இரண்டு வாரங்களில் புண் சீழ்பிடித்து இரத்தம் நஞ்சாகி இறந்தார். வயது 47. பிரசவ ஜன்னிக்குக் காரணமான கிருமியை லூயி பாஸ்டர் பாரிசில் வரைந்து காட்டியது 1879-இல்.