ருதுக்கள் கற்பித்த நன்றி

மனிதன் கடன்களோடு பிறக்கிறான் என்பது நம் சாத்திரங்களின் கருத்து. தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் முன்னோர்களுக்கும் பட்ட கடனை அவன் தன் வாழ்நாளில் தீர்த்தாக வேண்டும். நம்மை நாள்தோறும் வாழ்விக்கும் ஒளிக்கும் மழைக்கும் மண்ணுக்கும், நம்மீது அன்பு செலுத்தும் நண்பர்களுக்கும்கூட நாம் கடன்பட்டவர்களே. இந்த உண்மையை உணர்ந்து, அதைத் தம் வாழ்க்கை நெறியாகவே ஆக்கிக்கொண்டவர் மகாகவி ரவீந்திரநாத தாகூர்.

பத்மா நதிக்கரையில்

1861-ஆம் ஆண்டு மே 7 அன்று கல்கத்தாவில் ஜோராசாங்கோ இல்லத்தில் பிறந்த ரவீந்திரர், இளமையில் குடும்ப நிலங்களை மேற்பார்வையிடும் பொறுப்பை ஏற்றுக் கிழக்கு வங்காளத்திலுள்ள ஷிலைதஹவுக்குச் சென்றார். நகரத்தில் வளர்ந்த செல்வந்தர் வீட்டுப் பிள்ளைக்கு, ஆறும் வயலும் குடியானவர்களின் வாழ்வும் அங்குதான் அறிமுகமாயின. பத்மா நதியில் படகிலேயே பல நாட்கள் தங்கி, வெள்ளம் பெருகுவதையும் வடிவதையும், விதைப்பையும் அறுவடையையும் அவர் கண்டார்.

அங்கு அவரைத் தேடி வந்த நண்பர்களில் முக்கியமானவர் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ். குளிர்காலத்தில் வார இறுதி நாட்களில் அவர் ஷிலைதஹவுக்கு வருவார். ஒவ்வொரு முறையும் தமக்குப் புதிய கதை ஒன்றைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அவரது அன்பு நிபந்தனை. ஆற்று மணல் திட்டில் குழி தோண்டி, அதில் படுத்து வெயில் காய்ந்த பிறகு நதியில் குளிப்பது அவருக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு. கவிஞரின் மகன் ரதீந்திரரும் அதில் மகிழ்ச்சியுடன் கலந்துகொள்வார்.

1900-ஆம் ஆண்டு ஜகதீசர் ஐரோப்பாவிற்குச் சென்றார். ஆராய்ச்சியை முடிக்க அவர் அங்கு மேலும் தங்க வேண்டியிருந்தது. அதற்குப் பொருள் வேண்டியிருந்தது. ரவீந்திரர் திரிபுரா மன்னர் ராதாகிஷோர் மாணிக்கியரை அணுகி, நண்பருக்காகப் பொருளுதவி பெற்று அனுப்பினார். ஜகதீசரோ தமது போராட்டத்தின் நடுவிலும் நண்பரின் சிறுகதைகளை மேலைநாட்டார் அறியச் செய்ய முயன்றார். சகோதரி நிவேதிதை சில கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இந்த நட்பில் யார் கொடுத்தவர், யார் பெற்றவர் என்று பிரித்துச் சொல்வது கடினம். பல ஆண்டுகள் கழித்து, 1926-இல் வெளியான தாவரங்களின் நரம்பியக்கம் பற்றிய தமது ஆங்கில நூலை ஜகதீசர் ரவீந்திரருக்கே காணிக்கையாக்கினார்.

வசந்தத்தைக் கொண்டாடிய சிறுவன்

1901-ஆம் ஆண்டு டிசம்பரில் ரவீந்திரர் சாந்திநிகேதனத்தில் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். மர நிழலே வகுப்பறை. பள்ளியை நடத்தப் பணம் போதாதபோது மனைவி மிருணாளினி தேவி தம் நகைகளைத் தந்தார். அடுத்த ஆண்டு நவம்பர் 23 அன்று அவர் காலமானார். 1903-இல் மகள் ரேணுகாவும், 1905-இல் தந்தை தேவேந்திரநாதரும் மறைந்தனர்.

இளைய மகன் சமீந்திரநாதன் அப்பள்ளியில் பயின்றான். 1907-ஆம் ஆண்டு வசந்தத்தில், பத்து வயதே நிரம்பிய அச்சிறுவன் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு ருது உத்ஸவம் என்னும் பருவ விழாவைத் தொடங்கினான். சிறுவர்கள் பருவங்களாக வேடமிட்டு மகிழ்ந்தனர். அதே ஆண்டு பூஜை விடுமுறையில் நண்பன் ஒருவனுடன் முங்கேருக்குச் சென்ற அவனைக் காலரா தாக்கியது. ரவீந்திரர் விரைந்து சென்றார். எனினும் மகனைக் காப்பாற்ற இயலவில்லை. தாய் மறைந்த அதே நவம்பர் 23 அன்று மகனும் மறைந்தான்.

திரும்பும் வழியில் இரவில் ரயிலில் அமர்ந்திருந்த தந்தை வெளியே பார்த்தார். வானம் முழுவதும் நிலவொளி பரவியிருந்தது. எதிலும் ஒரு குறையும் தென்படவில்லை. எல்லாம் நிறைந்துள்ள அந்த முழுமையில் தாமும் தம் மகனும் இருப்பதாகவும், தாம் செய்ய வேண்டிய பணி இன்னும் மீதமிருப்பதாகவும் உணர்ந்ததை அவர் பிற்காலத்தில் தம் மகளுக்கு எழுதினார்.

கடன் தீர்த்தல்

மகன் தொடங்கிய விழாவைத் தந்தை கைவிடவில்லை. மறு ஆண்டே, 1908-இல், சரத்காலத்தைப் போற்றும் ‘சாரதோத்ஸவ்’ நாடகத்தை எழுதினார். விடுமுறையில் சிறுவர்கள் ஆடிக்களிக்க, உபநந்தன் என்ற சிறுவன் மட்டும் சுவடிகளைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறான். இறந்துபோன தன் குருவின் கடனைத் தீர்ப்பதற்காகவே அந்த உழைப்பு. துறவி வேடத்தில் வந்த மன்னர் அவனருகே அமர்ந்து அந்த வேலையில் பங்கேற்கிறார். சரத்காலத்தின் அழகும் இத்தகையதே: தான் பெற்றதை நெற்கதிராகவும் மலராகவும் பூமி திருப்பித் தருகிறது. 1921-இல் இந்நாடகத்தைத் திருத்தி எழுதியபோது அவர் அதற்கு இட்ட பெயர் ‘ரிணசோத்’, அதாவது கடன் தீர்த்தல்.

இவ்வாறு மழை, சரத்காலம், வசந்தம் ஆகிய ஒவ்வொரு பருவமும் சாந்திநிகேதனத்தில் பாடலும் ஆடலும் நிறைந்த விழாவாக மலர்ந்தது. 1928-இல் மரம் நடும் விழாவையும், ஸ்ரீநிகேதனத்தில் ஏர் பூட்டும் விழாவையும் ரவீந்திரர் தொடங்கி வைத்தார். அறுபத்தேழு வயதில் அவரே ஏரில் கை வைத்தார்.

1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7, வங்காளக் கணக்கில் சிராவண மாதம் 22-ஆம் நாள், மழைக்காலத்தில் ரவீந்திரர் மறைந்தார். அந்த நினைவு நாளில் சாந்திநிகேதனத்தில் மரக்கன்றுகள் நடப்படுகின்றன.

பெற்ற அன்பையும், நேர்ந்த இழப்பையும்கூடப் பிறர்க்கான பணியாக மாற்றினார் அவர். நன்றி என்பது நாவால் மட்டும் சொல்லி முடிவதன்று. அது செயலால் தீர்க்க வேண்டிய கடன். ஒவ்வொரு மழையும் ஒவ்வொரு அறுவடையும் நமக்கு அதை நினைவூட்டுகின்றன.