கல்லில் பிறந்த கலைமகள்

ஒரகடத்தை அடுத்த எங்கள் சிற்றூரில் தொழிற்சாலைகளுக்காக நிலங்கள் எடுக்கப்பட்டபோது, நாங்களும் வீட்டைவிட்டுப் பெயர்ந்தோம். பண்ட பாத்திரங்கள் வண்டியில் ஏறின. பாட்டியோ ஒரு படத்தை மட்டும் எவரிடமும் தராமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பாறைமீது அமர்ந்து வீணை மீட்டும் கலைமகளின் மங்கிய அச்சுப்படம் அது. அதன் மூல ஓவியரைத் தேடிப் படித்தபோது, நாடுவிட்டு நாடு பெயர்ந்த கற்களின் வரலாறும் எனக்குக் கிடைத்தது.

அவ்வோவியர் இராஜா இரவிவர்மா. 1848 ஏப்ரல் 29ஆம் நாள் கேரளத்துக் கிளிமானூரில் பிறந்தார். சுவரில் கரியால் கிறுக்கிய சிறுவனின் திறமையைக் கண்டு, தாய்மாமன் இராஜராஜவர்மா முதல் ஆசானானார். பதினான்காம் வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்குச் சென்றார். அங்கே எண்ணெய் வண்ணம் தீட்டும் முறையைக் கற்றுத்தர எவரும் முன்வரவில்லை. மேனாட்டு ஓவியர் தியோடர் ஜென்சன் வரைவதை அருகிருந்து பார்த்தும், தாமே பன்முறை முயன்றும் அதைக் கைவசப்படுத்தினார். 1873இல் வியன்னா கண்காட்சியில் பரிசு பெற்றார். மன்னர்கள் அவரை அழைத்தனர். மாளிகைகளில் அவர் ஓவியங்கள் இடம்பெற்றன.

ஆனால் மாளிகைச் சுவரில் மாட்டிய ஓவியத்தை ஏழை காண்பது எங்ஙனம்? 1894இல் தம்பி இராஜராஜவர்மாவின் துணையோடு பம்பாயில் கல்லச்சுக்கூடம் அமைத்தார். அதற்கான கற்களும் பொறிகளும் ஜெர்மனியிலிருந்து வந்தன. வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் பிசுக்கு மையால் சித்திரம் எழுதி, நீரால் நனைத்து, அச்சு மையை உருட்டினால், சித்திரம் உள்ள இடம் மட்டுமே மையை ஏற்கும். ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒரு கல். பின்னர், லோனாவலாவை அடுத்த மளவலிக்கு அச்சுக்கூடம் மாறியது. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான தக்காணக் கரும்பாறை நிலத்தில், அயல்நாட்டு வெண்கல் நம் தெய்வங்களை அச்சிட்டது!

அந்தப் படங்கள் ஊர்தோறும் பரவின. ஆலயத்துள் நுழைய உரிமை மறுக்கப்பட்டோர் இல்லத்திலும் திருமகளும் கலைமகளும் குடிபுகுந்தனர். அச்சுக்கூடமோ அவருக்குக் கடனையே தந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்குப் பணிபுரிந்த ஜெர்மானியரான ஷ்லைஷரிடம் அதை விற்றுவிட்டார். 1905இல் தம்பியை இழந்தார். 1906 அக்டோபர் 2ஆம் நாள் தாமும் மறைந்தார். 1972இல் அவ்வச்சுக்கூடத்தைத் தீ விழுங்கியது.

மலிவான நாட்காட்டிப் படங்களுக்கு வழிகாட்டியவர் என்று அவரை இகழ்வோரும் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. ஊரை இழந்து வந்த என் பாட்டிக்கு, புது வீட்டில் விளக்கேற்ற ஓர் இடத்தைத் தந்தது அந்த மலிவான படந்தானே!

இன்று ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் பல நாட்டுப் பொறிகள் வந்து இறங்குகின்றன. வந்த கல்லில் நம் முகத்தை எழுதினார் இரவிவர்மா. வந்த பொறிகளைக் கொண்டு நாம் எதை எழுதப் போகிறோம்? நண்பர்களே, சிந்திப்போம்!