நரம்பணு ஆய்ந்த கஹால்

ஸ்பெயின் நாட்டில் 1852ஆம் ஆண்டு பிறந்தவர் சாந்தியாகோ இரமோன் இ கஹால். இளமையில் ஓவியத்தில் பெருவேட்கை கொண்டிருந்த அவரை, மருத்துவராகிய தந்தையார் மருத்துவத் துறையிற் செலுத்தினார். எனினும் அவ்வோவியத் திறனே பின்னாளில் அவர்தம் ஆய்வுக்கு உறுதுணையாயிற்று.

மூளை நரம்புகள் யாவும் பிரிவற்ற ஒரே வலை என்று அக்காலத்து அறிஞர் பலர் கருதினர். பின்னி முடிந்த பாயில் ஒரு கோரையின் முதலும் முடிவும் காண்டல் அரிது. பின்னத் தொடங்கும்போது எளிது. ஆதலின் கஹால், கருவிலும் இளமையிலும் உள்ள உயிர்களின் மூளையைக் கோல்கி என்பார் கண்ட வெள்ளிச் சாயமுறையால் ஆராய்ந்தார். நரம்பணுக்கள் தனித்தனியானவை என 1888இல் வெளியிட்டார். ஐயுற்ற அறிஞர்க்கு அடுத்த ஆண்டு பெர்லின் நகரில் நேரிற் காட்டித் தெளிவித்தார்.

பின்னர், மூளைப் புறணியின் மேற்படலத்தில் ஒருவகை நரம்பணுக்களைக் கண்டார். அவை முந்தித் தோன்றுவன. 1995இல் அறியப்பட்ட ரீலின் என்னும் புரதத்தைச் சுரந்து, பிந்தித் தோன்றும் அணுக்கள் தத்தம் அடுக்கில் அமைய அவை துணைபுரிகின்றன. காட்சி, கேள்வி முதலிய புலன்களுக்குரிய புறணிப் பகுதிகள் அவ்வடுக்குகளால் ஆயவையே. எலிகளில் அம்முன்னோடி அணுக்கள் பணி முடிந்தபின் பெரும்பாலும் மடிந்துவிடுகின்றன.

தம்மோடு கருத்து மாறுபட்ட கோல்கியுடன் 1906இல் நோபெல் பரிசு பெற்ற கஹால், 1934இல் மறைந்தார். அவர் காட்டிய வழியோ மறையவில்லை.