தோழி தந்த கை

நம் மயிலாப்பூருக்கு அருகே, திருவல்லிக்கேணியில் வாழ்ந்த எழுத்தாளர் வை. மு. கோதைநாயகி அம்மாள். 1901ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் பிறந்த இவர், பள்ளி சென்று பயின்றவரல்லர். ஆறு வயது நிறையுமுன்பே இவரைப் பார்த்தசாரதி என்பவருக்கு மணமுடித்து வைத்தனர்.

கதை சொல்வதில் அம்மையாருக்கு ஆர்வம் மிகுதி. கணவருடன் நாடகங்கள் பார்த்து வந்தபின், தாமும் ஒரு நாடகம் புனைய விரும்பினார். ஆனால் எழுதத் தெரியாதே! என் செய்வது? அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 'இந்திரமோகனா' என்னும் முதல் நூல் பிறந்தது.

அத்துடன் நின்றாரா? தாமே எழுதவும் கற்றார். 1925ஆம் ஆண்டு, நின்று போயிருந்த 'ஜகன்மோகினி' இதழை வாங்கித் தாமே நடத்தினார். பெண் எழுதுவதையே பலர் ஏளனம் செய்த காலம் அது. ஏச்சுக்கு அவர் பேச்சால் பதில் தரவில்லை; விடாமல் இதழை வெளியிட்டே பதில் தந்தார். தம் நாவல்களை அதிலேயே அச்சிட்டார். மற்றப் பெண்களின் எழுத்துக்கும் இடமளித்தார். 1932இல் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். அங்கும் எழுதுவதை விடவில்லை.

115 நாவல்களைத் தமிழுக்குத் தந்த அம்மையார், 1960ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் மறைந்தார்.

தோழியரே! கோதைநாயகியாரைப் போல் நாம் அனைவரும் எழுத இயலாது போகலாம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்குப் பட்டம்மாளாக இருப்பது நம் எல்லோராலும் இயலுமன்றோ?